பதின்வயதில் ஏ.டி.எச்.டி.: ஆக்குபேஷனல் தெரபியால் என்ன செய்ய முடியும்?

ஒரு தாய் கேட்டிருக்கிறார். மகனுக்கு 15 வயது. ஏ.டி.எச்.டி. (கவனச் சிதறலும் அதீதத் துறுதுறுப்பும் கொண்ட வளர்ச்சிக் குறைபாடு) என்று உறுதியாகி மருந்து எடுத்துக்கொள்கிறான். வகுப்பில் கவனம் ஓரளவு தேறிவிட்டது. ஆனால் காலையில் கிளம்புவது தினமும் சண்டையாக இருக்கிறது, எழுதி முடித்த வீட்டுப்பாடம் ஆசிரியர் கைக்குப் போய்ச் சேர்வதில்லை, பெரிய வேலை எதையும் கடைசி இரவு வரை தொடுவதில்லை. மருத்துவர் ஆக்குபேஷனல் தெரபிக்குப் போகச் சொன்னாராம். "அது சின்னக் குழந்தைகளை ஊஞ்சலில் ஆட்டி, மணி கோக்க வைப்பதுதானே? இந்த வயதுப் பையனுக்கு அதில் என்ன இருக்கிறது?" என்பது அவருடைய கேள்வி. நான் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட். வளரிளம் பருவத்துப் பிள்ளைகளோடுதான் என் வேலையில் பெரும்பகுதி. அதனால் கொஞ்சம் விரிவாகவே பதில் சொல்கிறேன்.

இந்த வயதிலும் அதில் நிறையவே இருக்கிறது. ஊஞ்சலும் மணியும் சின்னப் பிள்ளைகளோடு முடிந்துவிடும். பதின்வயதில் நாங்கள் கையில் எடுப்பது அன்றாட வேலைகளை: எழுவது, கிளம்புவது, படிக்க உட்காருவது, எடுத்ததை முடிப்பது, தூங்கப் போவது, காசை வைத்துக்கொள்வது. இவற்றில் எது, எந்த இடத்தில் உடைகிறது என்று கண்டுபிடித்து அந்த இடத்தில் வேலை செய்வோம். ஆனால் இது ஏ.டி.எச்.டி.யைப் போக்கிவிடாது, மருந்துக்கு மாற்றாகவும் ஆகாது. அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடமி 2019ல் வெளியிட்ட வழிகாட்டுதல், 12 வயது முதல் 18 வயதுக்குள் இருப்பவர்களுக்குப் பிள்ளையின் சம்மதத்தோடு மருந்து தரச் சொல்கிறது. கூடவே திறன் பயிற்சிகளையும் பள்ளி செய்துதர வேண்டிய ஏற்பாடுகளையும் சொல்கிறது. யாராவது "மருந்தை நிறுத்திவிட்டு எங்களிடம் வாருங்கள்" என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

நீங்கள் சொன்ன மூன்று பிரச்சினைகளையும் மறுபடி பாருங்கள். காலை, மாலை, கடைசி இரவு. வகுப்பு நேரம் அதில் இல்லை. ஏ.டி.எச்.டி.க்கு அதிகம் தரப்படும் ஸ்டிமுலன்ட் வகை மருந்துகளில் நீண்ட நேரம் வேலை செய்பவை கூட பெரும்பாலும் 8 முதல் 12 மணி நேரம் வரைதான் தாங்கும். காலையில் விழுங்கிய மாத்திரை வேலையைத் தொடங்குவதற்குள் குளியலும் சாப்பாடும் பையும் சண்டையும் முடிந்திருக்கும். சாயங்காலம் நோட்டைத் திறக்கும்போது மருந்தின் வேகம் இறங்கிக்கொண்டிருக்கும். வீட்டில் நீங்கள் பார்க்கும் பையனும் பள்ளியில் ஆசிரியர் பார்க்கும் பையனும் வேறு வேறாகத் தெரிவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். "ஸ்கூலில் ஒழுங்காக இருக்கிறவன் வீட்டில் வேண்டுமென்றே செய்கிறான்" என்று முடிவு கட்டிவிடாதீர்கள். மருந்து எட்டாத அந்த நேரங்களைப் பற்றி மருத்துவரிடமும் பேசுங்கள். எடுக்கும் நேரத்தை மாற்றுவதா, வகையை மாற்றுவதா என்பது அவர் தீர்மானிக்க வேண்டியது. எங்கள் வேலையில் பெரும்பகுதி அந்த நேரங்களில்தான் விழுகிறது.

இன்னொரு காரணம் வயது. பத்து வயதில் ஓடிக்கொண்டே இருந்த பிள்ளை பதினைந்தில் ஓரிடத்தில் உட்கார்ந்திருப்பான். ஓட்டம் குறைந்ததும் பிரச்சினையும் குறைந்துவிட்டது என்று நினைத்துவிடுகிறோம். ஆனால் திட்டமிடுவது, தொடங்குவது, நடுவில் திசைமாறாமல் முடிப்பது ஆகிய திறன்கள் (எக்ஸிகியூட்டிவ் ஃபங்ஷன் என்பார்கள்) இன்னும் பின்தங்கித்தான் இருக்கும். அமெரிக்க தேசிய மனநல நிறுவனத்தில் ஃபிலிப் ஷா தலைமையிலான குழு 2007ல் வெளியிட்ட ஆய்வு, மூளையின் மேலடுக்கான புறணி தன் உச்சத் தடிமனை எந்த வயதில் எட்டுகிறது என்று பார்த்தது. மற்ற பிள்ளைகளுக்குப் புறணியின் பாதிப் பகுதி அந்த உச்சத்தை எட்டிய இடைநிலை (மீடியன்) வயது 7.5. ஏ.டி.எச்.டி. உள்ளவர்களுக்கு அது 10.5. அந்தத் தாமதம் நெற்றிக்குப் பின்னால் இருக்கும் முன்மூளைப் பகுதியில்தான் அதிகம் தெரிந்தது. உளவியலாளர் ரஸ்ஸல் பார்க்லி பெற்றோருக்கு ஒரு தோராயக் கணக்கு சொல்வார்: தன்னைத் தானே நடத்திக்கொள்ளும் விஷயத்தில் இந்தப் பிள்ளைகளை வயதில் முப்பது சதவீதம் குறைத்து நினைத்துக்கொள்ளுங்கள் என்று. அந்தக் கணக்கில் உங்கள் மகன் பத்து, பத்தரை வயதுப் பையன். அறிவில் அவன் பதினைந்துதான், சில சமயம் அதற்கும் மேலே. இதனால்தான் பெரியவர்கள் ஏமாந்துபோகிறார்கள். இவ்வளவு தெளிவாகப் பேசுகிறவனால் ஒரு நோட்டைப் பையில் வைக்க முடியாதா என்று தோன்றும். என்ன செய்ய வேண்டும் என்று அவனுக்கு நன்றாகத் தெரியும். செய்ய வேண்டிய அந்த நொடியில் தெரிந்தது கைக்கு வருவதில்லை. எனவே இன்னொரு முறை எடுத்துச் சொல்வதால் பயன் இருக்காது. உதவி அந்த நொடியில், அந்த இடத்தில் நிற்க வேண்டும்.

சரி, தெரபியில் என்ன நடக்கும்?

முதல் சந்திப்பில் நான் பிள்ளையிடம்தான் அதிகம் பேசுவேன். 1990களின் தொடக்கத்தில் கனடாவில் உருவான ஒரு நேர்காணல் முறை எங்கள் துறையில் பரவலாகப் பயன்படுகிறது. தன் நாளில் எது சரியாக நடக்கவில்லை என்று அவனே சொல்வான். ஒவ்வொன்றும் தனக்கு எவ்வளவு முக்கியம், இப்போது எவ்வளவு நன்றாகச் செய்கிறேன், அதில் எவ்வளவு திருப்தி என்று 1 முதல் 10 வரை மதிப்பெண் போடுவான். சில மாதம் கழித்து மறுபடி போடுவான். இரண்டு புள்ளி ஏறினால் அது உண்மையான முன்னேற்றம் என்று எடுத்துக்கொள்கிறோம். பெற்றோர் பட்டியலும் பிள்ளையின் பட்டியலும் அநேகமாக ஒன்றாக இருக்காது. அம்மாவுக்கு அறை சுத்தம் முதலில் வரும். பையனுக்கு, நண்பர்கள் கூப்பிட்ட இடத்துக்கு நேரத்துக்குப் போய்ச் சேராமல் அவர்கள் இப்போதெல்லாம் கூப்பிடுவதே இல்லை என்பது முதலில் வரும். நான் அவனுடையதில்தான் தொடங்குவேன். பெற்றோருக்கு இது கொஞ்சம் ஏமாற்றமாக இருக்கும், ஆனால் இதில் நான் விட்டுக்கொடுப்பதில்லை. பதின்வயதுப் பிள்ளை தனக்கு வேண்டாத இலக்குக்காக உழைக்க மாட்டான். நண்பர்களுக்காக நேரத்தைக் கணிக்கக் கற்றவனிடம் அதே திறனைப் பள்ளிக்குக் கிளம்பும் நேரத்துக்குக் கொண்டுவருவது பெரிய காரியமில்லை.

அடுத்தது, வேலையைப் பிரித்துப் பார்ப்பது. "வீட்டுப்பாடம் கொடுப்பதில்லை" என்பதை எடுத்துக்கொள்வோம். கேட்கும்போது ஒரே பிரச்சினை போலத் தெரிகிறது. உள்ளே போனால் வகுப்பு முடியும் அவசரத்தில் குறித்துக்கொள்வது, அதற்கு வேண்டிய புத்தகம் பையில் ஏறுவது, வீட்டில் உட்காருவது, தொடங்குவது, பாதியில் எழுந்தால் திரும்பி வருவது, முடிப்பது, முடித்தது பைக்குள் போவது, மறுநாள் அது ஆசிரியர் மேசைக்குப் போவது என்று எட்டு கண்ணிகள் கொண்ட சங்கிலி. எந்தக் கண்ணி அறுகிறது என்று தெரியாமல் "படிப்பில் அக்கறை இல்லை" என்று திட்டுவதால் ஒன்றும் ஆகாது. உங்கள் மகன் முடித்துவிடுகிறான், ஆனால் போய்ச் சேர்வதில்லை என்கிறீர்கள். அப்படியென்றால் அறுவது கடைசி இரண்டு கண்ணிகளில் ஒன்று. ஆறு கண்ணிகள் அவன் ஏற்கெனவே தாண்டிவிட்டான் என்பதை முதலில் அவனிடம் சொல்லுங்கள். அதை யாரும் அவனிடம் சொல்லியிருக்க வாய்ப்பில்லை.

இந்த இடத்தில் தீர்வை நான் சொல்லித் தர மாட்டேன். ஹெலன் பொலடைகோ, ஆஞ்செலா மாண்டிச் என்ற இரு கனடிய ஆய்வாளர்கள் வகுத்த ஒரு முறை இருக்கிறது. முதலில் உடல் அசைவு ஒருங்கிணைப்பில் சிரமப்படும் பிள்ளைகளுக்காக உருவானது, பிறகு ஏ.டி.எச்.டி. உள்ளவர்களிடமும் பயன்படுத்துகிறார்கள். இலக்கு, திட்டம், செய், சரிபார் என்ற நாலு படிகள். இதில் தெரபிஸ்ட் கேள்வி கேட்பார், திட்டம் பிள்ளையினுடையது. நடக்கும் விதம் இப்படி இருக்கும்:

"கணக்கு நோட்டு காலையில் எங்கே இருந்தது?"

"மேசை மேல."

"நேற்று ராத்திரி கணக்கை முடித்தவுடனே என்ன பண்ணினாய்?"

"போனை எடுத்தேன்."

"முடிப்பதற்கும் போனை எடுப்பதற்கும் நடுவில் நோட்டு பைக்குள் போய்விட வேண்டும். அதற்கு என்ன வழி?"

கொஞ்ச நேரம் பேச்சே வராது. அந்த மௌனத்தை நிரப்பாமல் இருப்பது இந்தத் தொழிலில் கற்றுக்கொள்ள வேண்டிய திறமை. பிறகு ஒருவன் சொல்வான்: "போனைப் பைக்குள்ளேயே போட்டுவிட்டுப் படிக்க உட்காரலாமா?" போனை எடுக்கப் பையைத் திறந்தாக வேண்டும், திறந்த பையில் நோட்டைப் போடுவது ஒரு கையசைவு. படிக்கும்போது போன் கண்ணில் படாது என்பது கூடுதல் லாபம். இது என் வாயிலிருந்து வந்திருந்தால் இரண்டு நாள் தாங்காது. அவனுடைய யோசனை என்பதால் செய்து பார்ப்பான். அடுத்த வாரம் வந்து ஐந்து நாளில் மூன்று நாள் நடந்தது என்பான். நடக்காத இரண்டு நாளைப் பற்றிப் பேசுவோம். அன்றைக்கு போன் சார்ஜரில் இருந்ததாம். சரி, சார்ஜர் எங்கே இருக்க வேண்டும்? இப்படித்தான் நகரும். திட்டம் தோற்றால் திட்டத்தைத் திருத்துவோம். வருடக்கணக்காகத் தானே தோற்றதாகக் கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு இது புதிய அனுபவம், முகத்திலேயே தெரியும்.

காலச் சிக்கலைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே சொல்ல வேண்டும். ஏ.டி.எச்.டி. உள்ள பலருக்கு நேரம் ஓடுவதை உள்ளுக்குள் உணர்வது கடினம். இப்போது நடப்பது ஒன்று, மற்றதெல்லாம் பிறகு எப்போதோ என்ற இரண்டே பிரிவுதான் இருக்கும். மூன்று வாரம் கழித்துக் கொடுக்க வேண்டிய வேலை அந்த இரண்டாவது பிரிவிலேயே கிடந்து, கடைசி இரவு திடீரென்று முதல் பிரிவுக்குள் குதிக்கும். "சோம்பேறி" என்று திட்டு வாங்கும் பிள்ளை அந்த ஒரே இரவில் மூன்று வார வேலையைச் செய்து முடிப்பதையும் நீங்கள் பார்த்திருப்பீர்கள்.

எனவே நேரத்தைக் கண்ணுக்குத் தெரியும்படி வெளியே எடுத்து வைக்கிறோம். முள் ஓடும் கடிகாரம் எண் கடிகாரத்தைவிட நல்லது, மிச்சம் எவ்வளவு என்பது அதில் பரப்பாகத் தெரியும். மீதி நேரம் வண்ணப் பட்டையாகச் சுருங்கிக்கொண்டே வரும் டைமர்கள் இன்னும் நல்லவை. ஸ்வீடனில் 9 முதல் 15 வயது வரையிலான ஏ.டி.எச்.டி. பிள்ளைகளுக்கு நேரம் சார்ந்த பயிற்சியையும் இத்தகைய கருவிகளையும் சேர்த்துக் கொடுத்துப் பார்த்த ஒரு சிறிய ஆய்வில், நேரத்தைப் புரிந்து கையாளும் திறன் கூடியது. நான் செய்ய வைக்கும் பயிற்சி எளிது. காலை வேலைகள் ஒவ்வொன்றுக்கும் எத்தனை நிமிடம் ஆகும் என்று அவன் ஊகித்து எழுதுவான். பிறகு ஒரு வாரம் அளந்து பக்கத்தில் எழுதுவான். குளிக்க ஐந்து நிமிடம் என்று எழுதியவன் பதினெட்டு என்று அளந்து வரும்போது நான் எதுவும் சொல்ல வேண்டியிருக்காது. அதற்குப் பிறகு கிளம்பும் நேரத்திலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட அவனே ஆரம்பிப்பான். பெரிய வேலைகளுக்கும் இதே பின்னோக்கிய கணக்குதான். ஆனால் "ஞாயிற்றுக்கிழமை ஆரம்பிக்கிறேன்" என்பதை நான் திட்டமாக ஏற்பதில்லை. "ஞாயிறு சாப்பிட்டுத் தட்டை வைத்ததும் கோப்பைத் திறந்து தலைப்பை மட்டும் அடிக்கிறேன்" என்பதுதான் திட்டம். இது நடந்தால் அது என்று இரண்டை முடிச்சுப் போடும் இந்த உத்தியை பீட்டர் கோல்விட்ஸர் என்ற உளவியலாளர் ஆராய்ந்திருக்கிறார். ஏ.டி.எச்.டி. உள்ள பிள்ளைகளுக்கும் இது கைகொடுப்பதாக ஆய்வுகள் உண்டு.

காலைச் சண்டைக்குத் தீர்வு முந்தின இரவில் இருக்கிறது. பதின்வயதில் எல்லாப் பிள்ளைகளுக்கும் உடல் கடிகாரம் பின்னுக்குப் போகும். ஏ.டி.எச்.டி. உள்ளவர்களில் பலருக்கு இன்னும் கொஞ்சம் பின்னால் போகும். 13 முதல் 18 வயதுக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்கிறது அமெரிக்கத் தூக்க மருத்துவ அகாடமி. ஆறு மணி நேரம் தூங்கி எழுந்த பிள்ளையிடம் காலை அட்டவணை எவ்வளவு அழகாக இருந்தாலும் வேலைக்கு ஆகாது. விடுமுறையிலும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் எழுவது, எழுந்தவுடன் வெளிச்சத்தில் நிற்பது, இரவு போனுக்கு அறைக்கு வெளியே ஓர் இடம் என்று அங்கிருந்து தொடங்குவோம். குறட்டை, கால் உதறல், படுத்து வெகுநேரம் தூக்கம் வராமை இருந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள். மருந்தும் தூக்கத்தைக் கெடுக்கலாம்.

இனி ஊஞ்சல் விஷயம். ஊஞ்சல், தொடுதல் போன்றவற்றால் புலன்களைப் பழக்கும் புலன் ஒருங்கிணைப்பு சிகிச்சை ஜீன் ஏர்ஸ் என்ற அமெரிக்க ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் உருவாக்கியது. எங்கள் துறையிலேயே பிறந்தது என்பதால் பல மையங்களில் எல்லாவற்றுக்கும் அதையே கொடுக்கிறார்கள். பதின்வயது ஏ.டி.எச்.டி.யின் அன்றாடச் சிக்கல்களை அது தீர்க்கும் என்பதற்கு வலுவான ஆதாரம் இல்லை. எடை வைத்துத் தைத்த மேலங்கி, கம்பளி போன்றவற்றுக்கும் அப்படித்தான். நினைவாற்றலை வளர்ப்பதாக விற்கப்படும் கணினி விளையாட்டுகளில் பிள்ளைகள் அந்த விளையாட்டில் தேறுகிறார்கள், அந்தத் தேர்ச்சி பாடத்துக்கோ வீட்டு வேலைக்கோ தாண்டி வருவது மிகக் குறைவு. என் துறை என்பதற்காக இதை மறைக்க எனக்கு மனமில்லை. ஏனென்றால் பெற்றோரின் பணமும் பிள்ளையின் நம்பிக்கையும் இதில் கரைகின்றன.

அதற்காகப் புலன்களை ஒதுக்கிவிட வேண்டியதில்லை. ஒருவனுக்குப் பின்னால் பேச்சுச் சத்தம் கேட்டால் ஒரு வரி ஓடாது, இன்னொருவனுக்கு முழு அமைதியில் தூக்கம் வரும். சிலர் நின்றுகொண்டு படித்தால் நன்றாகப் படிக்கிறார்கள், சிலருக்குக் கையில் உருட்ட ஏதாவது வேண்டும். எது தனக்கு உதவுகிறது என்று அவனே ஒவ்வொன்றாகச் சோதித்து, முடித்த பக்கங்களை எண்ணிப் பார்த்து முடிவு செய்யட்டும். கையெழுத்தையும் ஒருமுறை சோதித்துவிட வேண்டும். ஏ.டி.எச்.டி. உள்ளவர்களில் கணிசமானவர்களுக்கு அசைவு ஒருங்கிணைப்புச் சிக்கலும் சேர்ந்தே இருக்கிறது. எழுதும்போது கை வலிக்கிறது என்று சொல்லத் தெரியாமல் எழுதுவதையே தள்ளிப்போடும் பிள்ளைகள் உண்டு. இந்த வயதில் கையெழுத்தைத் திருத்த மாதக்கணக்கில் உட்கார வைப்பதைவிடத் தட்டச்சு பழக்குவதும், தேர்வில் கூடுதல் நேரம் கேட்டு வாங்குவதும் எனக்கு நியாயமாகப் படுகிறது. அதற்கான மதிப்பீட்டு அறிக்கையை ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் எழுதித் தர முடியும்.

உங்களுக்கும் இதில் பங்கு இருக்கிறது. இப்போது நீங்கள்தான் அவனுடைய அலாரம், நாட்குறிப்பு, நினைவூட்டல் எல்லாம். அதை ஒரே நாளில் நிறுத்தினால் எல்லாம் சரிந்துவிடும். "விழட்டும், அப்போதுதான் புத்தி வரும்" என்ற யோசனையை இந்தப் பிள்ளைகளிடம் நான் ஒருபோதும் சொல்வதில்லை. ஒவ்வொரு வேலையாகக் கைமாற்றுங்கள். முதலில் வாயால் சொல்வது சுவரில் ஒட்டிய பட்டியலுக்குப் போகட்டும். நீங்கள் "பல் தேய்த்தாயா, பை எடுத்தாயா" என்று கேட்காமல் "பட்டியலில் எங்கே இருக்கிறாய்?" என்று மட்டும் கேளுங்கள். அப்புறம் பட்டியல் அவன் போனுக்குப் போகட்டும். நடந்த ஒன்றை அன்றைக்கே, அந்த நிமிடமே சொல்லிப் பாராட்டுங்கள். மாதக் கடைசியில் பரிசு என்பது இவர்களுக்கு அந்த "பிறகு எப்போதோ" பிரிவில் போய் விழும்.

இதை மகள்களின் பெற்றோரும் படிப்பார்கள் என்பதால் ஒன்று. பெண் பிள்ளைகளிடம் ஓட்டமும் துள்ளலும் குறைவாகவும் கவனச் சிதறல் அதிகமாகவும் இருப்பதால் பலருக்கு ஏ.டி.எச்.டி. மிகத் தாமதமாகவே கண்டுபிடிக்கப்படுகிறது. நல்ல மதிப்பெண் வாங்கி, வீட்டுக்கு வந்ததும் நொறுங்கிப்போகிற பெண்ணை "சமாளித்துக்கொள்கிறாள்" என்று விட்டுவிடாதீர்கள். அவள் அந்த மதிப்பெண்ணுக்காக எத்தனை மணி நேரம் கொடுக்கிறாள் என்று பாருங்கள்.

தெரபிஸ்டைத் தேர்ந்தெடுக்கும்போது பதின்வயதினரோடு வேலை செய்த அனுபவம் உண்டா, இலக்கை யார் தீர்மானிப்பார்கள், முன்னேற்றத்தை எப்படி அளப்பீர்கள், மையத்தில் செய்வது வீட்டுக்கும் பள்ளிக்கும் எப்படி வரும் என்று கேளுங்கள். கடைசிக் கேள்விக்குத் தெளிவான பதில் வர வேண்டும். நாலு சுவருக்குள் நன்றாகச் செய்து காட்டுவது இந்தப் பிள்ளைகளுக்குக் கடினமே இல்லை. நான் மேலே சொன்ன நாலு படி முறைக்கு வழக்கமாகப் பத்து சந்திப்புகள் போதும். முடிவே தெரியாமல் வருடக்கணக்கில் வரச் சொன்னால் ஏன் என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. பிற்பாடு வண்டி ஓட்டக் கற்கும்போதோ, வீட்டை விட்டு வெளியே தங்கிப் படிக்கப் போகும்போதோ, தன் மாத்திரையைத் தானே கவனித்துக்கொள்ள வேண்டி வரும்போதோ மறுபடி சில சந்திப்புகள் போவது நல்லது. தொடர்ந்து மனம் சோர்ந்திருந்தாலோ, எதற்கெடுத்தாலும் பதறினாலோ, தன்னைக் காயப்படுத்திக்கொள்வது பற்றிப் பேசினாலோ தெரபிக்குக் காத்திருக்காமல் உடனே மருத்துவரைப் பாருங்கள்.

மகன் வர மாட்டேன் என்றால் வற்புறுத்த வேண்டாம். "உனக்கு எரிச்சலாக இருக்கிற ஒரே ஒரு விஷயத்தைச் சொல், அதை மட்டும் எடுத்துக்கொண்டு ஒருமுறை போய்ப் பார்க்கலாம், பிடிக்கவில்லையென்றால் விட்டுவிடலாம்" என்று சொல்லிப் பாருங்கள். முதல் சந்திப்புக்கு அவனுடைய மதிப்பெண் பட்டியல் வேண்டியதில்லை. அன்றைக்குப் பள்ளிக்கு எடுத்துப் போன பையை, உள்ளே இருப்பதை ஒழுங்குபடுத்தாமல், அப்படியே எடுத்துவரச் சொல்லுங்கள்.